காயாத தரை

மஞ்சள் போர்டை விரித்துத் தாழ்வாரத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, தரை துடைக்கிற அக்கா சுவரோரமாக அக்கடாவென்று உட்கார்ந்தாள்.

காலையிலிருந்து நான்கு மாடி. கெஞ்சிக் கெஞ்சிப் பார்த்த கால்கள் இப்போது அவளைத் திட்டவே தொடங்கியிருந்தன.

வேலை நேரத்தில் உட்கார்ந்தால் இந்த ஆஸ்பத்திரியில் சீட்டு கிழிந்துவிடும். போன வாரம்தான் ஒருத்திக்குக் கிழிந்தது. இவள் சம்பளத்தை நம்பித்தான் இவள் வீட்டில் அடுப்பே எரிகிறது.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர்தான் கூடவே நடந்து, ஒவ்வொரு போர்டாகப் படித்து அர்த்தம் சொன்னார். சின்ன வயசுதான், ஆனால் சிடுமூஞ்சி.

'சைலன்ஸ் ப்ளீஸ்' என்றால் சத்தம் போடக் கூடாதாம். அதற்கு நேர் கீழே நின்றுதான் ஊர்ப்பட்ட ஜனமும் போனில் கத்துகிறது.

'நோ பார்க்கிங்' என்றால் வண்டி நிறுத்தக் கூடாதாம். பெரிய டாக்டரின் கார் அங்கேதான் நிற்கும்.

'ஸ்டாஃப் ஒன்லி' என்று எழுதியிருந்த அறைக்குள் மெத்தை போட்ட நாற்காலிகள் தெரிந்தன. இங்கே வேலை செய்கிறவர்கள் மட்டும் போகலாம் என்றார்.

"அப்போ நானும் போலாமா சார்?"

அவர் காதில் விழாதது மாதிரி அடுத்த போர்டுக்கு நகர்ந்துவிட்டார். அதுதான் இந்த மஞ்சள் போர்டு. 'வெட் ஃப்ளோர்.' தரை ஈரம், காயும்வரை யாரும் வரக் கூடாது.

ஆச்சரியம், இந்த ஒரு போர்டுக்குத்தான் எல்லாரும் அடங்கினார்கள். பெரிய டாக்டர்கூடச் சுற்றிக்கொண்டு போனார். விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை?

ஷூ சத்தம் கேட்டது. சூப்பர்வைசர்.

அவர் சுற்றிப் போகவில்லை. போர்டைத் தாண்டி நேராக உள்ளே வந்தார்.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் மடங்கினது மடங்கினதுதான்.

அவர் அவளுடைய வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்து அழுத்தினார்.

விடியும்போது துடைத்த தரை. மருந்துக்குக்கூட ஈரம் இல்லை.

அவ்வளவுதான், போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து, கையைப் பேண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். திரும்பிப் போய், மஞ்சள் போர்டை இன்னும் நாலடி தள்ளி வைத்தார்.

"இன்னும் காயலக்கா," என்றார், அவளைப் பார்க்காமலே. "காயுற வரைக்கும் இங்கயே இருங்க."