சத்தமில்லாத டப்பா

"இதென்னங்க, மாத்திரை டப்பாவுக்குள்ள பஞ்சு?"

குப்பையில் போட எடுத்த பழைய கால்பந்து பூட்ஸுக்குள்ளிருந்து வெள்ளை டப்பா ஒன்றை உருவியிருந்தாள் சிலேஷே. ஆட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் முசோண்டா, கையிலெடுத்த சோளக்களியைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

கிட்வே நகரில் அந்த டப்பாவுக்குள் மாத்திரை குலுங்கும் கலகல சத்தம் தெரியாத காது கிடையாது. மினிபஸ்ஸில் ஒருவர் பை கொஞ்சம் குலுங்கினால் போதும், மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். அவ்வளவு நாகரிகமான ஊர்!

"எச்.ஐ.வி. மாத்திரை. கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு," என்றான் முசோண்டா.

"அடேயப்பா! சீர்வரிசைத் தட்டுல வைக்க மறந்துட்டீங்களா?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது சிலேஷே. ரத்தத்துல கிருமி குறைஞ்சு, பரிசோதனையிலேயே தெரியாத அளவுக்குப் போயிருச்சு. அப்படியே இருக்கிற வரைக்கும் படுக்கையில அடுத்தவங்களுக்குத் தொத்தாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"நர்ஸம்மாகிட்ட மட்டும் வாய் நல்லாத் திறக்குது. கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணாங்க?"

"போன மாசம்."

"மாத்திரை தவறலையே?"

"உன் தம்பி கல்யாணத்துல அவ்வளவு குடிச்சேனே, அன்னிக்குக்கூட தவறல."

"ஆகா, ஒழுக்கசீலர்! அப்போ சனிக்கிழமை பந்தாட்டப் பயிற்சின்னு ஓடினது ஆஸ்பத்திரிக்கா? அதான் இத்தனை வருஷமா ஒரு கோலும் போடல."

முசோண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொன்னா நீ விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன். போயிடாதே."

அவள் டப்பாவை அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். பெட்டி கட்டத்தான் போகிறாள், மாலை பஸ்ஸில் அம்மா வீடு என்று அவன் முடிவே செய்துவிட்டான். ஆனால் பெட்டி இழுபடும் சத்தம் வரவில்லை. சமையலறையில் மாவு டின் மூடி திறக்கும் சத்தம்தான் வந்தது. அவன் ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடம் அது.

முழங்கை வரை சோளமாவோடு திரும்பி வந்த சிலேஷே, அதே மாதிரி வெள்ளை டப்பா ஒன்றை அவன் காதருகே ஆட்டினாள். சத்தமே இல்லை.

"எனக்கும் கல்யாணத்துக்கு முன்னாடியேதான். உங்க நர்ஸம்மா சொன்னதையேதான் என் நர்ஸம்மாவும் சொன்னாங்க," என்றாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்தபடி. "பஞ்சு வேண்டாம், மாத்திரையில பிசிறு ஒட்டும். பழைய துணி வைங்க."