படப்பையில் ஒரு வில்லன்

படப்பை பஸ் ஸ்டாப்பில், சாயந்திரக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு தடியன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தான்.

“விடு” என்றாள் அவள்.

அவன் சிரித்தான். முறுக்கிவிட்ட மீசை, கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் சுற்றிய கர்ச்சீப்.

பூ விற்கும் சுந்தராம்பாள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பூவுக்குத் தண்ணீர் தெளிக்க வைத்திருந்த பிளாஸ்டிக் சொம்பை எடுத்து அவன் மண்டையில் ஒன்று போட்டாள். அவள் தொடங்கிவைத்த பிறகு மற்றவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஷேர் ஆட்டோ டிரைவர் ஒருவர் சட்டையைப் பிடித்தார். ஒரகடத்துக்கு நைட் ஷிப்ட் போக நின்றிருந்த நாலைந்து பேர், கம்பெனி பஸ் வருவதற்குள் ஆளுக்கு ஒன்றாவது கொடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள்.

“எக்கா, அடிக்காதிய. இது நாடகம்” என்றான் அடி வாங்கியவன்.

“பட்டப்பகல்ல பொண்ணு கையப் புடிச்சி இஸ்துக்கினு, கேட்டா நாடகமா?” என்று சுந்தராம்பாள் இன்னொன்று போட்டாள்.

நிஜமாகவே நாடகம்தான். ரோஸி மேடம் கையில் மைக்கோடு குறுக்கே வந்து விழுந்து சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. அவர் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. காலேஜ் படிக்கிற பையன்கள் கூடப் படிக்கிற பெண்களிடம் ஏன் வன்முறையாக நடந்துகொள்கிறார்கள் என்று தெருத்தெருவாக நாடகம் போடத் தன் மாணவர்களைக் கூட்டி வந்திருக்கிறார். முன்கூட்டியே அறிவிக்காமல் திடுதிப்பென்று தொடங்கினால் இயல்பாக இருக்கும் என்பது அவருடைய யோசனை. இவ்வளவு இயல்பாக இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அடி வாங்கியவன் சுடலைக்கண்ணு. திருநெல்வேலிப் பக்கம். வல்லம் வடகாலில் வேலை பார்க்கும் அண்ணனோடு ரூமில் தங்கி எம்.காம். படிக்கிறான். பெண்களிடம் ஸ்டேப்ளர் கேட்பதற்கே கூச்சப்பட்டு, பேப்பரை மடித்துக் கிழித்துச் சமாளிக்கிறவன். வில்லனாக யார் நடிப்பது என்று மேடம் கேட்டபோது வகுப்பு மொத்தமும் அவனைத் திரும்பிப் பார்த்தது. எல்லாம் அந்த மீசையால் வந்தது.

கதாநாயகன் யார் என்று யாரும் கேட்கவே இல்லை. ஜாக்சன் இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்? வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல், பேச்சுப் போட்டி என்றால் முதல் பரிசு.

நாடகம் மறுபடியும் தொடங்கியது. மண்டையைத் தடவிக்கொண்டே சுடலைக்கண்ணு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தான். இந்த முறை ரொம்ப மரியாதையாக இழுத்தான். ஜாக்சன் பாய்ந்து வந்து அவனைத் தள்ளிவிட்டு, நாயகி கனிஷ்காவைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

இதற்கெல்லாம் என்ன காரணம், குடியா, சினிமாவா, செல்போனா என்று கேட்டான். அவையெல்லாம் நாம் சொல்லும் சாக்கு என்று அவனே பதிலும் சொன்னான். கடைசியில் குரலைத் தணித்தான்.

“ஒரு பொண்ணு வேணாம்னு சொன்னா, அதுக்கு வேணாம்னுதான் அர்த்தம். அது நம்ம காதுல ஏறாததுதான் காரணம்.”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. சுந்தராம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு முழம் மல்லி கொண்டுவந்து நீட்டினாள். ஜாக்சன் அதை ஒற்றைக் கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“உன்னப் பெத்தவ புண்ணியம் பண்ணிக்கிறாப்பா” என்றாள் அவள்.

சுடலைக்கண்ணுவைப் பெற்றவளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, யார் கைக்கும் எட்டாத தூரத்தில் போய் நின்றான்.

மேடம் எல்லோரையும் இருட்டுவதற்குள் கிளம்பச் சொன்னார். கனிஷ்காவுக்கு மணிமங்கலம் போக வேண்டும். தன் பைக்கில் கொண்டுபோய் விடுவதாக ஜாக்சன் சொன்னான். ஷேர் ஆட்டோவில் போய்க்கொள்வதாக அவள் சொன்னாள். இந்த நேரத்தில் ஷேர் ஆட்டோவில் ஆம்பளைகள் கூட்டம், பாதுகாப்பில்லை என்றான் அவன். அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சின்னப் பெண் என்று அவன் மேடத்திடம் சிரித்துக்கொண்டே சொன்னான்.

சுந்தராம்பாளுக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு தங்கமான பிள்ளை கூப்பிடும்போது என்ன பிகு என்று கடிந்துகொண்டாள். நைட் ஷிப்ட் ஆட்களும் அதையே சொன்னார்கள். தங்கள் தங்கையாக இருந்தால் இவனை நம்பித்தான் அனுப்புவோம் என்றார் ஒருவர்.

 கனிஷ்கா மேடத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

“மேடம், சுடலைக்கண்ணு அண்ணன என்கூட ஷேர் ஆட்டோவுல வரச் சொல்றீங்களா?”

எல்லோரும் திகைத்துப் போனார்கள். சுடலைக்கண்ணுவின் தலையிலிருந்து ஐஸ் கட்டி வழுக்கி விழுந்தது.

“இன்னாம்மா, போயும் போயும் அந்த வில்லன்கூடயா போவ?” என்றாள் சுந்தராம்பாள்.

“அவரு நாடகம் முடிஞ்சதும் விட்டுட்டாருக்கா. காப்பாத்துனவருதான் இன்னும் விடல. ஒத்திகையிலயும் இப்படித்தான்.”

சொல்லிவிட்டு கனிஷ்கா தன் கையை எல்லோரும் பார்க்கிற மாதிரி உயர்த்தினாள். கூடவே ஜாக்சனின் கையும் மேலே வந்தது.