படர்தாமரைக்கு உரிய எண்

“குஷ்டத்துக்குள்ள நம்பரைப் போட்டுடுங்க டிரெசரே. அலோர் காஜாவுல இருந்து லாரி வந்து சடையனைக் குஷ்டரோகிங்க தீவுக்கு ஏத்திடும். கூலியைக் கூட்டச் சொல்லி ஆளைக் கிளப்புறான். நம்ம ரெண்டு பேருக்கும் தலைவலி விடும்லா,” என்றார் கங்காணி.

தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண் உண்டு. அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் வேலப்பன், சடையனின் முதுகிலிருந்த வட்டத்தில் ஊசியால் குத்தினார். அவன் துள்ளினான்.

“உணர்ச்சி இருக்கு. குஷ்டம்னா மரத்துப் போயிருக்கும். வெறும் படர்தாமரை,” என்று அதற்குரிய எண்ணையே எழுதினார்.

“இவனுக்காக என்னைப் பகைச்சுக்கிறீங்களா?”

“எவனா இருந்தா என்ன? கீழே இருக்கிறது என் கையெழுத்து.”

கங்காணி போனதும் சடையன் கும்பிட்டான். “உங்க மகளைக் கூட்டிட்டு ஓடினவன் நான். அதை மனசுல வைக்காம காப்பாத்திட்டீங்க, மாமா.”

“வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். டிரெசர்னு கூப்பிடு,” என்று வேலப்பன் களிம்பை நீட்டினார்.