பால்கனி சீட்டு

“இன்னைக்காவது என்கூட முன்னால வாங்க,” என்று கொட்டகலை பழைய தியேட்டர் வாசலில் கணவரிடம் கெஞ்சினார் நாகலெட்சுமி.

“முன்னால உட்கார்ந்தா கழுத்து வலிக்கும். நமக்கு எப்பவும் பால்கனிதான்,” என்றார் வீரமலை.

“ஆமா! இது உருளைக்கிழங்கு ஸ்டோரா இருந்தப்ப, மூட்டை எடுக்க வந்த மனுசன் பால்கனியில போய்க் குந்துனீங்க. டியூஷன் கிளாஸ் நடந்தப்ப, பெத்தவங்க கூட்டத்துக்கு வந்து அங்கேயே தூங்குனீங்க!”

“இப்பதான் பெயின்ட் அடிச்சு, லைட்டெல்லாம் போட்டு மறுபடி திறந்திருக்காங்க. கூட்டத்தப் பாத்தியா? எடம் போயிரும்!”

கடலைப் பொட்டலத்தோடு படியேறி ஓடினார் வீரமலை. பால்கனி முன்வரிசையில் ஒரே ஒரு சீட்டுதான் காலியாக இருந்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்தவர், பக்கத்துச் சீட்டு இளைஞனுக்கும் கொஞ்சம் கடலை கொடுத்தார்.

“இங்கேருந்து பாத்தா நல்லாத் தெரியுமாங்க?” என்றான் அவன்.

“முப்பது வருசமா பாக்குறேன். இத விட நல்ல எடம் கெடையாது தம்பி!”

அப்போது கீழே நாதஸ்வரம் நின்று, மைக் அலறியது.

“பொண்ணோட அப்பா எங்க இருக்கீங்க? முகூர்த்தம் போகுது! தாரை வார்க்க உடனே மணவறைக்கு வாங்க!”

வீரமலை துள்ளி எழுந்தார். நாலு படி இறங்கியவர், அவசரமாகத் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்துச் சீட்டில் விரித்துப் போட்டார்.

“யாரையும் உட்கார விட்டுறாதீங்க தம்பி. பொண்ணக் குடுத்துட்டு இந்தா வந்துர்றேன்!”