கவுன்சிலர் பள்ளம்

“உங்க பள்ளம் என்னோட இன்னொரு டயரையும் தின்னுடுச்சு, கவுன்சிலரே!”

மழைக்கோட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்டக் கடைக்குள் வந்து நின்றாள் டிம்ப்னா கெராட்டி. டெரிமோர் சாலையின் கோடியில் செம்மறியாடு வளர்ப்பவள். கணவன் இறந்து பல வருடங்களாகிவிட்டன. தனி ஆள், ஆனால் குரல் மட்டும் நாலு ஆள் குரல்.

ஃபின்டன் மல்விஹில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். கில்டூனில் இருக்கும் ஒரே டயர் கடை அவருடையது. நான்கு தேர்தலாக அந்த வட்டாரத்துக் கவுன்சிலரும் அவர்தான். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக் கேலி பேசாத ஆள் ஊரில் கிடையாது.

“இடது பக்கமா?” என்றார்.

“இந்தத் தடவை இடது. போன தடவை வலது. பாரபட்சமே இல்லாத பள்ளம்! ஊர்ல அதுக்குப் பேரே கவுன்சிலர் பள்ளம்தான், தெரியுமில்ல?”

“அடுத்த கூட்டத்துல கண்டிப்பா எடுத்துச் சொல்றேன்...”

“என் வீட்டுக்காரர் சாவுக்கு வந்தப்பவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு இதையேதான் சொன்னீங்க. இந்த ஜூன் மாசத் தேர்தல்ல பாருங்க. எங்க சாலைக்காரங்க மொத்தப் பேரும் ஓட்டுச்சீட்டுல விருப்ப வரிசையில ஒண்ணாம் நம்பரை உங்களை எதிர்த்து நிக்கிற மருந்துக்கடைக் கோனருக்குப் போடப் போறோம். உங்க பேருக்கு நேரா பத்தாம் நம்பர்கூட விழாது!”

ஃபின்டன் சிரித்துக்கொண்டே டீக்குக் கெட்டிலைப் போட்டார். வேறு எந்த வாடிக்கையாளருக்கும் திறக்காத பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். மற்றவர்களுக்கு டயர் மாற்றும்போது ஒரு பாட்டை விசிலடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இவள் காருக்கு மட்டும் ஒவ்வொரு போல்ட்டையும் மோதிரத்தில் கல் பதிக்கிற மாதிரிக் கழற்றி மாட்டுவார். அதுவரைக்கும் அவள் கவுன்சிலையும், மழையையும், புதுப் பாதிரியாரின் நீளமான பிரசங்கத்தையும் ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள்.

கார் கிளம்பிப் போனதும், கல்லாவில் உட்கார்ந்திருந்த தங்கை நோரீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“அண்ணே, கல்லறைக்குப் போற வழியில நடைபாதை போட்டே. பந்து மைதானத்துக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தே. இந்த ஒரு சாலை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? போட்டுடலாமான்னு கவுன்சில் இன்ஜினீயரே கேட்டாராம், நீதான் அப்புறம் பாத்துக்கலாம்னியாம். டயர் விக்கத்தான்னு ஊரே பேசுது. ஒரு பள்ளத்துல விழுந்து உன் பதவியே போகப் போகுது, பாத்துக்கிட்டே இரு.”

ஃபின்டன் தரையைப் பார்த்தபடி சொன்னார்: “மூடிட்டா மிசஸ் கெராட்டி எதுக்கு இங்க வரணும்?”

நோரீன் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அண்ணனை உற்றுப் பார்த்தாள்.

“அடக் கடவுளே! இதானா விஷயம்? அதை அவகிட்டப் போய் நேரா சொல்ல வேண்டியதுதானே?”

“நான் கதவைத் தட்டினாலே ஓட்டுக் கேக்க வந்திருக்கேன்னுதான் நினைக்கறாங்க. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி பூங்கொத்தோட போய் நின்னேன். ‘ஐயோ, யார் செத்துட்டாங்க?’ன்னு கேட்டாங்க. நான் என்னத்தைச் சொல்றது? பூவைக் கொண்டுபோய்க் கல்லறையில வச்சுட்டு வந்துட்டேன்.”

நோரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது.

“அதெல்லாம் சரி. ஒரு நாள் டயருக்குப் பதிலா அவ கழுத்து ஒடிஞ்சா என்ன பண்ணுவே?”

ஃபின்டன் மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக இன்ஜினீயருக்குப் போன் செய்தார்.

மே மாதம் டெரிமோர் சாலை கன்னங்கரேலென்று பளபளத்தது. ஜூனில் ஓட்டு எண்ணினார்கள். கடைசிச் சுற்றுவரை இழுபறி. டெரிமோர் ஓட்டுப் பெட்டிதான் அவரைக் கரை சேர்த்தது. ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். அந்த உயரத்திலிருந்து மண்டபம் முழுக்கத் தேடினார். டிம்ப்னா வந்திருக்கவில்லை.

“ஜெயிச்சவன் மூஞ்சியா இது?” என்றாள் நோரீன், அடுத்த வாரம். “கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கே.”

“டெரிமோர் ரோடு எப்படி இருக்காம்?”

“கண்ணாடி மாதிரி இருக்காம். தூங்கிக்கிட்டே ஓட்டலாமாம்.”

“அப்ப சரி” என்றார் ஃபின்டன். அவர் முகத்தில் ஒன்றும் சரியாக இல்லை.

வாசலில் ஒரு கார் நொண்டி நொண்டி வந்து நின்றது. முன்சக்கரம் தரையோடு தரையாக நசுங்கிக் கிடந்தது. இறங்கியவள் டிம்ப்னா. மழையில்லாத நாள், சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தாள்.

“என்ன ரோடு போட்டிருக்கீங்க, கவுன்சிலரே!” என்று ஆரம்பித்தாள். ஏனோ வழக்கமான சுருதி ஏறவில்லை.

நோரீன் உள்ளே ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினாள்.

ஃபின்டன் சக்கரத்தைக் கழற்றினார். காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திச் சுற்றினார். ஒரு குமிழிகூட வரவில்லை. இன்னொரு முறை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். ஆணி இல்லை, கீறல் இல்லை.

“இதுல ஓட்டையே இல்லையே, மிசஸ் கெராட்டி. யாரோ வேணும்னே காத்தைப் பிடுங்கி விட்டிருக்காங்க.”

அவள் முகம் சிவந்தது. மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் அந்தச் சக்கரத்தின் வால்வு மூடி இருந்தது.

“அந்தப் பள்ளம் எந்த வளைவுல இருக்குன்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமலா இருந்திருக்கும், ஃபின்டன்?”