பரளச்சி அம்புக்குறி

வாருங்கள், பெருமக்களே! அருப்புக்கோட்டை நூற்பாலை ஒன்றின் கணினி அறைக்குள் வந்து நில்லுங்கள். ஒரு பெண்ணின் பிழைப்பு ஓர் அம்புக்குறியின் முனையில் தொங்குகிற அநீதியைக் கண்ணாரக் காணுங்கள்!

சுவரில் ஒட்டிய பெரிய வரைபடம். அதில் 'பரளச்சி' என்ற பெட்டியிலிருந்து 'தலைமை ஆலை' என்ற பெட்டிக்குப் பாயும் சிவப்பு அம்புக்குறியின்மேல், சென்னையிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் சங்கரின் விரல் நின்றது. கணினிப் பிரிவின் பொறுப்பாளர் தங்கச்செல்வி சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஆலையின் கணினிகளும் மென்பொருள்களும் அன்றாட வேலைகளும் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு 'நிறுவனக் கட்டமைப்பு' என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். அது பிஞ்சா, முற்றிவிட்டதா என்று பருத்திக் காயைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை நிலை குறிக்க ஒருவர் காரேறி வருகிறார். மூன்றுக்குக் கீழே போனால் கணினிப் பிரிவையே இழுத்து மூடிவிடுவதாக முதலாளி ராமசுப்பு காலையிலேயே அருள்வாக்குச் சொல்லியிருந்தார். அப்படி மூடினால் தங்கச்செல்வியும் அவள்கீழ் உள்ள இரண்டு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"இந்த இணைப்பு எப்படி வேலை செய்யுது மேடம்?"

"பரளச்சிக் குடோன்ல பஞ்சு எடை போட்ட வெவரம் பூராம் இங்க வந்துரும் சார்."

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை?"

"நாளைக்கி நாலு தடவை. ஆறே முக்கா, பத்தே காலு, ரெண்டரை, அஞ்சு அம்பது."

"அடேங்கப்பா! தவறினதே இல்லையா?"

"தீவாளி சமயத்துல மட்டும் கொஞ்சம் தாமசமாகும் சார். கூட்டம்."

"கூட்டமா?"

தங்கச்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "டேட்டா... டேட்டா கூட்டம் சார்."

அந்நேரம் சங்கரின் கைப்பேசி அலறியது. சன்னலோரம் போய், "இன்னுமா கிண்டி தாண்டல? சிக்னல்ல என்னய்யா பண்றான்?" என்று அடிக்குரலில் சீறிவிட்டுத் திரும்பினார்.

பெருமக்களே, அந்த அம்புக்குறியின் பெயர் மாரீஸ்வரன். தொழில், மினி பஸ் நடத்துநர்!

பரளச்சிக்கு இணைய வசதி கேட்டு எட்டு ஆண்டுகள் எழுதிக் கொடுத்தாள் தங்கச்செல்வி. "நெட்டக் குடுத்தா வேலையா பாப்பானுக? படம் பாப்பானுக!" என்று எட்டு முறையும் கிழித்துப் போட்டார் முதலாளி; தொழிலாளர்களின் கைப்பேசிகளையும் வாசலிலேயே பிடுங்கி வைத்தார். ஆகவே பரளச்சியின் விவரம் பென் டிரைவில் ஏறி, பென் டிரைவ் நடத்துநரின் தோல்பையில் ஏறி, டிக்கெட் எடுக்காமல் பயணம் செய்துகொண்டிருந்தது. மறுத்தவர் குளிரூட்டிய அறையில், கேட்டவள் கூண்டில்! உங்கள் ஊர் ஆலைகளிலும் சுவரில் படம் தொங்கும். அதில் உள்ள ஒவ்வோர் அம்புக்குறியின்மேலும் விரல் வைத்து, இது யார் என்று கேளுங்கள்!

மணி இரண்டரை. கதவு படாரென்று திறந்தது.

"யக்கோவ்! இந்தா, ஒன் பரளச்சி!" மாரீஸ்வரன் பென் டிரைவை மேசைமேல் வைத்தான். "பழசக் குடு வெரசா. வண்டி ஓடிக்கிட்டே நிக்கிது, டிரைவரு வைவாரு. ஆமா, இவுக யாரு? ஏசி ரிப்பேருக்கு வந்தவுகளா?"

தங்கச்செல்வி பழைய பென் டிரைவை எடுத்து நீட்டினாள். அவன் விசிலை ஊதிக்கொண்டே ஓடிப்போனான்.

"சார், நான் லைனு கேட்டேன், தரல. வேலை நிக்கக் கூடாதுன்னு இப்பிடிச் செஞ்சேன்." அவள் நிமிர்ந்தே நின்றாள். "எழுதுறத எழுதிக்கோங்க. அந்த ரெண்டு புள்ளைகளும் ஒரு தப்பும் செய்யல, அத மட்டும் சேத்து எழுதுங்க."

சங்கர் வரைபடத்தைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படிவத்தை இழுத்து, 'ஐந்து' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்தையும் போட்டார்.

"அஞ்சா? என்ன சார் இது?"

அவர் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார், குரலைத் தாழ்த்தினார்.

"எங்க ஆபீஸ்லயும் இதே மாதிரி பென் டிரைவுதான், ஆட்டோவுல வருது மேடம். ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்ல!"