வம்சப் படிவம்

எங்கள் குடும்பத்து வம்சப் படிவத்தை எழுதியவன் நான். ஏழு தலைமுறையும் கலப்பில்லாத புதுச்சேரித் தமிழர் என்று எழுதினேன். மருத்துவமனை இயந்திரம் அதைப் பார்த்துத்தான் நோயைச் சொல்லும். மகள் செந்தாழைக்குக் கால் மரத்து, ஒரு கண் மங்கியபோது, வெறும் சோர்வு என்றது.

நான்காம் முறை போனபோது டாக்டரிடம் வாய் திறந்தேன். "என் அம்மா பிரெஞ்சுக்காரி."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே, ஐயா!" டாக்டர் தானே ஸ்கேன் எடுத்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். ஐரோப்பியரிடம் அதிகம், தமிழரிடம் அரிது என்பதால் இயந்திரம் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"கலப்புக் குடும்பங்கள்ல இது எத்தனை பேருக்கு இருக்கு?" என்று கேட்டேன்.

"அப்படி ஒரு கணக்கே எடுக்க முடியாது. எல்லா வீட்டிலயும் உங்களை மாதிரி மறைச்சுத்தான் எழுதியிருக்காங்க."

தம்பி வேலவனை போனில் அழைத்தேன். "உன் படிவத்துல அம்மாவைச் சரியா எழுது. மூத்தவன் சொல்றேன்."



"அண்ணே, என் மக ஒரு வருஷமா கோல் ஊன்றித்தான் நடக்கிறா. மூட்டுவாதம்னு மெஷின் சொல்லுச்சு. நீங்க எழுதினதைத்தானே நானும் கொடுத்தேன்?"